கடலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டு

மனையாவெளி, திருகோணமலை
2023 ஓகஸ்ட் 20

அன்புள்ள றிக்சனின் அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே உங்கள் உடம்பையும் வேலையையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுகிறோம், கடிதம் எழுது என்றீர்கள். எழுதுகிறேன். பதில் போடத்தான் உங்களுக்குப் பஞ்சி, சோம்பேறி மனுசன்.

ஒரு செய்தி. நான் திரும்பவும் மாதா கோயிலுக்குப் போகிறேன். மகனின் போட் கவிழ்ந்த பிறகு இரண்டு வருடமாக அந்த வாசற்படியை மிதிக்காதவள் நான். கோயில் பங்கில் உள்ள சோபனா ஒரு நாள் வந்தாள். "ஆஸ்பத்திரியில ஒரு மனுசி ஆளில்லாமல் செத்துக் கிடக்கிறா. கழுவி உடுப்புப் போட ஒரு கை குறையுது, வாறியளோ அக்கா?" என்று கேட்டாள். நாசமாய்ப் போக, இதற்கு என்னிடமா வந்தாய் என்று ஏசினேன். ஏசிக்கொண்டே செருப்பைப் போட்டேன்.

அந்த மனுசியின் தலையை வாரிவிடும்போது மாதாவோடு சண்டை பிடித்தேன். "உமக்கு உம்மட பிள்ளை செத்தாவது மடியில கிடைச்சான். எனக்கு?" என்று கேட்டேன். ஆனாலும் இரண்டு வருடத்துக்குப் பிறகு மேலே பார்த்து வாய் திறந்தது அன்றுதான். இப்போது ஆளில்லாத உடல் வந்தால் என்னையும் கூப்பிடுகிறார்கள். காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
றோஸ்


டோஹா
2023 செப்டம்பர் 12

அன்புள்ள றோஸ்,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். வெக்கை இன்னும் குறையவில்லை. நீ கோயிலுக்குப் போவது நல்லது. மற்ற வேலை உன் விருப்பம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கடலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில், றிக்சனின் பெயரைப் பங்குச் சுவாமியார் சொல்கிறாரா? வெளிக்கிடும்போது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போட்டில் போன மற்ற இருவரும் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள், இவன் ஒதுங்கவில்லை. திரியாயிலிருந்து வெருகல் வரை நானே நடந்து தேடினேன். பர்மாப் பக்கம் இழுபட்டுப் போய், சிறையில் கிடந்து, எத்தனையோ காலம் கழித்து வீடு வந்தவர்கள் இருக்கிறார்கள். உனக்குத் தெரியாததா?

இக்னேசியஸ்


மனையாவெளி
2023 ஒக்டோபர் 8

அன்புள்ள றிக்சனின் அப்பாவுக்கு,

சுவாமி சொல்கிறார். ஒரு ஞாயிறும் விட்டதில்லை.

போன மாதம் வெருகல் கரையில் ஒரு பொடியன் ஒதுங்கினான். பதறாதீர்கள், எங்கள் பிள்ளை இல்லை. அவன் செத்து நாலைந்து நாள்தான் என்று டொக்டர் சொன்னார். யாரும் தேடி வரவில்லை. நேற்று அடக்கம் செய்ய எங்களிடம் தந்தார்கள். ஆண்களை ஆண்கள்தான் கழுவுவார்கள். பெட்டியை மூட முன்னம் முகத்துக்குத் துணி போடுவது மட்டும் என் வேலை. போட்டுவிட்டு, "மகனே" என்று கூப்பிட்டேன். தெரிந்துதான் கூப்பிட்டேன். அவனைப் பெற்றவள் எங்கேயோ சோறு போட்டு மூடி வைத்துக்கொண்டு இருப்பாள். எங்கள் றிக்சனையும் ஏதோ ஒரு கரையில் யாரோ ஒருத்தி இப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று மனம் சொன்னது. குழியடியில் நின்று மனமாற அழுதேன்.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்த விசுவாசிகளின் நாள். அன்று பூசையில் எங்கள் பிள்ளையின் பெயரையும் மரித்தவர்களோடு வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். "தகப்பனும் ஓம் எண்டு சொல்லவேணும்" என்கிறார் சுவாமி. சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

றோஸ்


டோஹா
2023 ஒக்டோபர் 21

றோஸ்,

சொல்லமாட்டேன். பிள்ளையைச் சாகக் கொடுக்க உனக்கு எப்படி மனம் வந்தது? உனக்கு விசர் பிடித்துவிட்டது. பிணத்தைத் தொட்டுத் தொட்டு எல்லாரும் உன் கண்ணுக்குப் பிணமாகத் தெரிகிறார்கள். அந்தப் பெயரை அன்றைக்கு வாசித்தால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பமாட்டேன். இதற்கு மேல் கதை இல்லை.

இக்னேசியஸ்


மனையாவெளி
2023 நவம்பர் 2

அன்புள்ள றிக்சனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. சுவாமியிடம் காட்டினேன். "அப்ப எனக்கு வாசிக்க ஏலாது, றோஸ்" என்றார். சரி என்றேன்.

இன்று பூசையில் எல்லாருடைய பெயரையும் வாசித்து முடித்தார். நான் எழும்பி நின்றேன். "இக்னேசியஸுக்கும் றோஸுக்கும் பிறந்த மகன், றிக்சன்" என்றேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுவாமி மரித்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி மன்றாட்டைத் தொடங்கினார். சனம் பதில் சொன்னது.

நீங்கள் வராமல் விட்டால் நான் தாங்குவேனோ தெரியாது. ஆனால் பிள்ளையைக் கடலிடம் விட்டுவைக்க இனி ஏலாது. ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டேன்.

நாளைக்கு ஒரு அடக்கம் இருக்கிறது. வெள்ளெனப் படுக்க வேண்டும்.

றோஸ்


டோஹா
2023 நவம்பர் 19

றோஸ்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கினேன். கோபம் போகவில்லை. நேரில் வந்து ஏசுவேன்.

வந்த நாள் முதல் நான் லீவு கேட்டதே இல்லை. கேட்டால் காரணம் கேட்பார்கள் என்ற பயம். நேற்றுக் கேட்டேன். மேற்பார்வையாளர் மலையாளி, தமிழ் விளங்கும். என்ன அவசரம் என்றார். "மகன் செத்துப்போனான்" என்றேன். என் வாயால் அதைச் சொன்னது முதல் தரம். அவர் கதிரையை விட்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். எப்போது என்று கேட்டார்.

"இந்த மாதம், ரெண்டாம் திகதி" என்று சொன்னேன்.

அவனின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு முன்னம் வந்துவிடுவேன். பூசைக்குச் சொல்லி வை.

இக்னேசியஸ்