காத்துக்கு மறைவான மூலை

மதினி,

இன்று காலை தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உன் மூலையைக் கூட்டினேன். விளக்குமாறு பட்டதும் தேயிலைத் தூள் வாசம் மூக்கில் ஏறியது. தும்மலோடு நீயும் வந்தாய். செத்த பிறகும் என்னைத் தும்ம வைக்கிறாயே, அந்தத் திமிர் மட்டும் உனக்குப் போகவில்லை.

தூள் சலிக்கும் அறையில் பெரிய காற்றாடியை மாட்டிய அன்று, ஸ்டோரை மேய்க்கும் டீமேக்கர் ஐயா புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். "இனி தூசியெல்லாம் காத்தோட வெளிய போயிரும்" என்றார். தூசி இவர் பேச்சைக் கேட்குமா? லேசான தேயிலைப் பஞ்சு, தோட்டத்துத் துரை பின்னால் ஓடும் கண்டாக்கு ஐயா மாதிரி, காற்று திரும்பிய பக்கமெல்லாம் திரும்பியது. கனத்த தூளுக்கு அப்படி வளையத் தெரியவில்லை. சுழலுக்குச் சுழல் தெறித்து, காற்று ஓய்ந்த இடத்தில் போய்க் குவிந்தது. அதுதான் உன் மூலை.

தூளில் காம்பு பொறுக்க அங்கேதான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாய். எல்லாம் குளிருக்குப் பயந்த புத்தி.

"காத்துக்கு மறைவா இருந்தாத்தான்டி சளி புடிக்காது."

"மறைவா இருந்து இருந்து ஒருநா மறைஞ்சே போயிருவ. ஒன் தலயப் பாரு, மாவு சலிச்ச மொறமாட்டம்!"

"நல்ல எடம் எனக்குக் கெடச்சிருச்சுன்னு ஒனக்குப் பொறாம."

நல்ல இடமாம்! ஸ்டோர்ப் பூனைகூட அங்கே படுக்காது.

இருமல் வந்தது. அதற்கும் காற்றைத்தான் திட்டினாய். கம்பளித் தொப்பியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, மூலைக்குள் இன்னும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாய். தோட்டத்து மருந்துக்காரர் பெரிய ஆள், "சுருட்டுக் குடிப்பியா?" என்று உன்னைக் கேட்டார். இருமலுக்கு நடுவிலும் நீ அவரை முறைத்த முறைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அண்ணன் லயத்து வீட்டுச் சுவரில் உன் படம் போட்ட தாளை ஒட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 'மறைவு'. எழுத்துக்கூட்டி வாசித்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துக்கத்துக்கு வந்த சனம் என்னைப் பேய் பிடித்தவள் மாதிரி பார்த்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அழுகை அதற்குப் பிறகுதான்.

கூட்டி முடித்ததும் ஐயா வந்தார். "அந்த எடம் சும்மாதானே கெடக்கு. காத்துப் படாது, போய் ஒக்காரு" என்றார்.

"ஐயா ஒரு நாளு ஒக்காந்து காட்டுங்க. நாங்க பாத்துட்டு வர்றோம்" என்றேன்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் காற்றாடிக்கு எதிரேதான் உட்காருகிறேன், மதினி. சுவெட்டர் மேல் சுவெட்டர் போட்டும் உடம்பு நடுங்குகிறது. கேட்பவர்களிடம் குளிர் என்கிறேன்.