அந்தப் பெடியன் எப்படி வந்தான்?

அக்கா,

நேற்று வெள்ளவத்தைச் சந்தையில், ஒரு மரக்கறிக் கடை முன்னால், உங்கள் பையைக் கண்டேன். அது உங்களுடையது அல்ல என்று தெரியும். ஆனால் அதே கருநீலத் துணி, அதே பெரிய மஞ்சள் வட்டங்கள். அதைத் தோளில் போட்டிருந்த பெண் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவளாக இருக்க வேண்டும். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "எங்கை என்ரை பெடியன்?" என்று மகனைத் தேடிச் சுற்றிலும் பார்த்தாள்.

அந்தப் பையையும் அந்தச் சொல்லையும் ஒரே இடத்தில் கண்ட பிறகு உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் உங்களை எல்லோரும் 'நைஜீரியா அக்கா' என்றே சொன்னோம். உங்கள் கணவர் அங்கே கணிதம் படிப்பித்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் அப்படிப் போனார்கள். அங்கே உங்கள் அடுத்த வீட்டில் இருந்த பெண் காதல் கதை எழுதுகிறவள். மெல்லிய புத்தகங்களாக அச்சடித்துச் சந்தையில் வெங்காயக் கடைக்குப் பக்கத்தில் வைத்து அவளே விற்றாள். வீட்டு வேலை கூடிய நாட்களில் ஒரே பக்கத்தில் முடிகிற கதையாக எழுதினாள். அவளைப் பார்த்துத்தான் நீங்களும் தொடங்கினீர்கள். அந்தப் பையைத் தைத்துத் தந்தவளும் அவள்தான். "அவ ஒருத்தரிட்டையும் அனுமதி கேக்கேல்லை தம்பி. காதலை எழுதுறதுக்கு ஆரிட்டைக் கேக்கிறது?" என்பீர்கள்.

ஒப்பந்தம் முடிந்து நீங்கள் திரும்பியபோது ஊரில் சண்டை. கொழும்பில், இந்த வெள்ளவத்தையில், ஒரு மாடிக் குடியிருப்பில் தங்கினீர்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு முதல் கதையோடு வந்த அன்று நான் ஆசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தலைப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த நேரத்திலை காதல் கதையோ?"

"ஏன், சண்டை முடியுமட்டும் ஒருத்தரும் கலியாணம் கட்டாமலோ இருக்கினம்?"

அவர் கதையை வாங்கி வைத்துக்கொண்டார். ஞாயிறு இதழில் உங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

குறுங்கதைகள் வேறு வழியால் வந்தன. அப்போது எங்கள் செய்திகள் தணிக்கைக்குப் போய்த்தான் பக்கத்துக்கு வரும். கடைசி நேரத்தில் ஒரு செய்தி வெட்டப்பட்டால் பக்கத்தில் ஓட்டை விழும். வெட்டப்படுவது பெரும்பாலும் என்னுடைய செய்தி. ஒருநாள் அப்படி நான் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, எழுத்துப்பிழை பார்க்க வந்திருந்த நீங்கள் கேட்டீர்கள்: "எவ்வளவு இடம் இருக்கு?" நான் உள்ளங்கையைக் காட்டினேன். மேசையின் ஒரு மூலையில் இருந்து எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கொழும்புக்கு வந்து தங்கும் தமிழர் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. அந்த வரிசையில் நிற்கும் ஒருவன் முன்னால் நிற்பவளிடம் பேனை இரவல் வாங்குகிறான். திருப்பிக் கொடுக்கும்போது மூடி இல்லை. அடுத்த முறை பதிய வரும்போது மூடியைக் கொண்டுவருகிறான். அவளும் அன்று பேனையைக் கொண்டுவந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. லொட்ஜ் ஒன்றில் நடந்த சுற்றிவளைப்பைப் பற்றிய என் செய்தி இருந்த இடத்தில் அது அச்சானது. எனக்கு அன்று கோபம். இன்று என் செய்தியின் ஒரு வரிகூட நினைவில்லை. அந்தப் பேனை மூடி நினைவிருக்கிறது.

வாசகர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். கொஞ்சக் காலத்தில் உங்கள் கதை எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்தில்தான் செய்தி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பாமன்கடையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர் பேப்பரை விரித்துப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐசே, இண்டைக்கு முதல் பக்கத்திலையே காதல் கதை. ஏதோ பெருசா நடந்திருக்கு."

உங்கள் தொடர்கதைகளைப் பற்றி எனக்குக் குறையும் உண்டு. முக்கியமான இடத்தில் எல்லாம் மழை பெய்யும். கதாநாயகன் எப்போதும் வாத்தியார். சொன்னால் சிரிப்பீர்கள். "வாத்தியாரைக் கட்டினவள் வேறை ஆரை எழுதுறது?"

ஆனால் அந்தக் கடைசித் தொடருக்காக வெள்ளவத்தை முழுவதும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருந்தது. அவள் இங்கே, அவன் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டியிருக்கிறது. உங்கள் மேல்மாடியில் இருந்த அம்மா படிக்கட்டில் மறித்துக் கேட்பார்: "பிள்ளை, அந்தப் பெடியன் வருவானோ?" அவருடைய மகனும் அங்கேதான் இருந்தான். மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. நீங்கள் "வருவான் அம்மா" என்று சொல்லிவிட்டீர்கள்.

கடைசி அத்தியாயம் தணிக்கையில் நின்றது. கடைசி வரி 'பெடியன் வந்திட்டான்.' எங்கள் வீடுகளில் எந்த மகனும் பெடியன்தான். ஆனால் அந்த வருடங்களில் 'பெடியள்' என்றால் ஆயுதம் எடுத்தவர்கள் என்றும் பொருள். கொழும்புக்குப் பெடியன் வந்துவிட்டான் என்று பத்திரிகை அறிவிக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

"இளைஞன் எண்டு மாத்துங்கோவன், முடிஞ்சுது," என்றார் ஆசிரியர்.

"எந்தத் தாய் தன்ரை பிள்ளையை இளைஞன் எண்டு சொல்லுவாள்? மேல்வீட்டு அம்மா பெடியன் வருவானோ எண்டுதான் கேட்டவ. இளைஞன் வந்தால் அது அவவின்ரை பிள்ளை இல்லை."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்களே புறப்பட்டீர்கள். எனக்கு உங்களைத் தனியே விட மனமில்லை. தணிக்கை அலுவலக வாசலில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். குடை, மூக்குக்கண்ணாடி, இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கிய அரைப் பாண். உள்ளே அதிகாரி, பக்கத்தில் தமிழ் படித்துச் சொல்லும் உதவியாளர். அதிகாரி அந்த வரியில் விரலை வைத்து, "மே கொல்லா கவுத?" என்றார். யார் இந்தப் பெடியன் என்று.

"மகே கதாவே கொல்லா, மஹத்தயா," என்றீர்கள். என் கதையில் வருகிற பெடியன், ஐயா, என்று.

பிறகு உதவியாளரிடம் திரும்பினீர்கள். "தம்பி, இதை ஐயாவுக்குச் சொல்லுங்கோ. அவரின்ரை பாசையிலை பெடியனுக்குக் கொல்லா. எங்கட பாசையிலை கொல்லா எண்டால் கொல்லாதவன். ரெண்டுக்கும் பொருந்துற ஒருத்தனைத்தான் நான் கூட்டிக்கொண்டு வாறன்."

உதவியாளர் மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் சிக்கி, சிரித்துவிட்டார். ஏன் சிரிக்கிறாய் என்று அதிகாரி அதட்ட, மீண்டும் தொடங்கினார். அதிகாரி சிரிக்கவில்லை. கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். உங்கள் சந்தைச் சிங்களத்தில் முழுவதையும் சொன்னீர்கள், மழை உட்பட. முடிவில் அவர் கேட்டது ஒன்றுதான்: கலியாணம் நடக்குமா?

"நடக்கும்."

'பெடியன்' தப்பிவிட்டான். அவன் கப்பலில் வந்ததையும் எந்தத் துறையில் இறங்கினான் என்பதையும் சொன்ன பந்தியை மட்டும் அதிகாரி சிவப்புப் பேனையால் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெளிவந்த கதையில் அவள் கதவைத் திறக்கிறாள், அவன் நனைந்துகொண்டு நிற்கிறான். எப்படி வந்தான் என்பது இல்லை.

ஆட்கள் குறை சொல்லப்போகிறார்கள் என்று பயந்து, அன்று மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மேல்வீட்டு அம்மா படிக்கட்டில் பேப்பரோடு இருந்தார். அவன் எப்படி வந்தான் என்று விளங்கிற்றா என்று கேட்டேன்.

"வந்திட்டான் தானே, மோனை. எப்பிடி வந்தால் என்ன?"

அவருடைய மகன் வந்தானா என்று எனக்குத் தெரியாது. அவர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். நான் விசாரித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எவன் எந்த வழியால் வந்தான், எங்கே மறிக்கப்பட்டான் என்று எழுதுவதே என் தொழில். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த அம்மா காத்திருந்த செய்தியை நீங்கள்தான் எழுதினீர்கள். கற்பனையாகவேனும், அவருடைய சொல்லிலேயே எழுதினீர்கள்.

களுபோவில ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்தபோது, உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். கண்ணைத் திறக்காமல், "எவ்வளவு இடம் இருக்கு?" என்றீர்கள். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை.

நேற்று அந்தப் பெண் மகனைத் தேடி நின்றபோது, மரக்கறிக் கடைக்காரர் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நோனா, கொல்லா மெதன இன்னவா," என்றார். பெடியன் இங்கேதான் இருக்கிறான்.

கொல்லா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பினேன், அக்கா.