டின் பாலில் பால் காய்ச்சினோம்

பினாங்கு மலை,
12 ஏப்ரல் 1921

அன்புத் தம்பி பக்கிரிசாமிக்கு, ஆரோக்கியநாதன் எழுதுவது.

ஊரில் உன் தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்திருக்கும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்: உன் வீட்டுக்காரி நவமணியும் குழந்தையும் சுகம். ஒரு கீறல்கூட இல்லை. இதை இன்னொரு முறை வாசித்துவிட்டு உட்கார்ந்துகொள்.

நம் மலைக் குடியிருப்பு எரிந்துவிட்டது. மழை இல்லாமல் காய்ந்து கிடந்த லாலாங் புல்லில் பற்றிய தீ, உச்சி வெயிலில் மேலே ஏறி வந்தது. நம் பாட்டன்மார் இந்த மலைக்குப் பாதை வெட்ட வந்தபோது போட்ட வீடுகள், ஒரு பானைச் சோறு வேகும் நேரத்தில் சாம்பல். ஆள்சேதம் இல்லை. நான் எதைக் காப்பாற்றினேன் தெரியுமா? அம்மிக் குழவியை. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு அடிவாரம் வரை ஓடியிருக்கிறேன். ஏன் என்று என் வீட்டுக்காரி கேத்தரின் இன்னும் கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை.

ஜெலுத்தோங்கிலிருந்து பலகையும் கூரைக்கு அத்தாப்பு ஓலையும் சுமந்து வந்து மறுபடி கட்டுகிறோம். உன் வீடுதான் முதலில் முடிந்தது. நான் மாட்டிய கதவு என்னைப்போலவே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வழக்கமாக இருந்தால் நவமணி என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். தீ வந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. குழந்தையிடம்கூடப் பேசுவதில்லை.

புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டுமே. மலை முழுக்கப் பால் ஊற்றிய நம்மிடம் ஒரு மாடு மிச்சமில்லை; உன் செவலையும் போயிற்று. டவுனில் மீரா சாகிப் கடைக்கு டின் பால் வாங்கப் போனேன். பால்காரனே டின் பால் வாங்கினால் இனி தான் யாரிடம் தண்ணீர்ப்பால் வாங்குவது என்று கேட்டார். கேட்டவர் என் முகத்தைப் பார்த்ததும் டின்னை எடுத்து என் கையில் வைத்தார்.

டின் பாலில் தண்ணீர் ஊற்றாவிட்டால் பொங்காது, அடிபிடிக்கும் என்று பால்காரர்கள் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தீய்ந்த வாடை வந்ததும் எல்லாரும் சிரித்தோம். நவமணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அண்ணே, செவலை கட்டுலயே நின்னுச்சு. புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். கயித்த அவுக்கல. அது கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சு.”

சொல்லிவிட்டுப் பழையபடி வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி, அடுத்த கப்பலில் வந்துவிடு. மலை ஏறியதும் நீ முதலில் தொழுவத்துப் பக்கம் போகிறவன். இந்த முறை அந்தப் பக்கம் திரும்பாதே. குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இவனைத் தூக்கி வந்தாயே, எனக்கு அது போதும் என்று சொல். நாங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். எடுபடவில்லை. அவள் அதை உன் வாயால் கேட்க வேண்டும்.

உன் முருகனும் என் மாதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உன்னைச் சீக்கிரம் கரை சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
ஆரோக்கியநாதன்