போனில் சொன்ன ஓம்

அக்கராயன்,
19.11.2023

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நானும் வீடும் வளவும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். நீரும் மகன் கிருசாந்தனும் மருமகள் சுரேகாவும் பேரனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கக் குளக்கட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீர் யோசிப்பீர். போனில் நான் உம்மோடு கதைப்பதே இல்லை, பாக்கியம். மகன் அதை மேசையில் வைத்து வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி விட்டுவிடுகிறான். நீர் சாப்பிட்டீரோ என்று நான் கேட்டால் மருமகள் பதில் சொல்கிறா. கால் நோ எப்படி என்று கேட்டால் மகன் பதில் சொல்கிறான். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்திய பெண்சாதியோடு சபையில் நின்று கதைக்க எனக்கு வராது. விமலேஸ்வரி ரீச்சரின் மகன் பிரதீபன் லீவு முடிந்து வியாழக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறான். உம்முடைய கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி இதை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். தனியே இருந்து வாசியும்.

போன கிழமை மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அம்மாவின் விசாவை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீடிக்கலாம், மாத முடிவுக்குள் தாள் நிரப்பிக் கொடுக்க வேண்டும், அப்பாவுக்குச் சம்மதமோ என்றான். நான் ஓம் என்றேன். எனக்கென்ன குறை, நான் நல்லாய்த்தானே இருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். நீர் பக்கத்தில் இருந்தீர் என்று தெரியும், ஆனால் உம்முடைய சத்தம் வரவே இல்லை. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம். நேரே விசயத்துக்கு வருகிற பழக்கம் எனக்கு இல்லை என்று நீர்தான் சொல்லுவீர். கொஞ்சம் பொறுத்து வாசியும்.

மழை இந்த முறை பிந்தவில்லை. வயல் விதைத்தாயிற்று. நீர் வைத்த தேசி காய்த்துக் கொட்டுகிறது, ஊறுகாய் போடத்தான் ஆளில்லை. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, பெட்டையில்லை, நாம்பன். இந்தக் கிழமை முன்வளவில் கச்சான் கடலை போட்டேன். போட்ட அன்றைக்கே மயில்கள் றோட்டுப் பக்கத்தால் பாய்ந்து வந்து கிளறத் தொடங்கிவிட்டன. தகரம் தட்டிப் பார்த்தேன், அதுகள் என்னை ஒரு சொந்தக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தன. வெள்ளைத் துணி காற்றில் ஆடினால் மயில் வராது என்று யாரோ சொன்ன ஞாபகத்தில், என்னுடைய பழைய வேட்டி இரண்டைக் கிழித்துத் தடிகளில் கட்டி, வேலி நீளத்துக்கும் வாசல் படலையடியிலும் நட்டுவிட்டேன். நட்டுப்போட்டுக் கிணற்றடிப் பக்கம் வாய்க்கால் வெட்டப் போய்விட்டேன்.

நீர் நின்றிருந்தால், உங்களுக்கு விசரோ என்று அந்தத் தடிகளைப் பிடுங்கி எறிந்திருப்பீர். நம்முடைய ஊரில் படலையில் வெள்ளை பறந்தால் அது செத்தவீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தனியே இருக்கிற எழுபத்தைந்து வயதுக் கிழவனின் படலையில் பறந்தால் கேட்கவும் வேண்டுமா? காலைப் பஸ்ஸில் போனவர்கள் பார்த்து, கதை சந்தை வரைக்கும் போய்விட்டது. முதலில் வந்தவ பக்கத்து வளவு இராசேஸ்வரி. ஒழுங்கையிலிருந்தே ஒப்பாரி சொல்லிக்கொண்டு வந்தவ, மண்வெட்டியோடு என்னைக் கண்டதும் நின்றுவிட்டா. "இருக்கிறியளே அண்ணை?" என்று கேட்டா. பிறகு சரியான பேச்சு எனக்கு. கமக்காரர் அமைப்புத் தலைவர் கோகுலன் கொட்டகைக்கும் கதிரைகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம். பெட்டி ஒன்று பாக்கி, மற்றதெல்லாம் சரி அண்ணை என்று சிரித்தான்.

மத்தியானத்துக்குள் முப்பது பேர் வரை வந்துவிட்டார்கள். உயிரோடிருக்கிறவனைப் பார்த்துவிட்டு உடனே போவது மரியாதையில்லை என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். இராசேஸ்வரி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தா. நான் வாய்க்கால் தண்ணீருக்காகப் பிடித்த சண்டைகள், யுத்தம் முடிந்து முகாமில் தண்ணி வரிசையில் நீரும் நானும் மாறி மாறி நின்றது, எல்லாம் கதைத்துச் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாக்கியம். நீர் போன இரண்டு வருடத்தில் அதுதான் எனக்கு நல்ல நாள். வீட்டில் மனிதச் சத்தம் கேட்க ஒரு மனிதன் செத்திருக்க வேண்டியிருக்கிறது.

பின்னேரம் எல்லாரும் போய்விட்டார்கள், மூக்கன் மட்டும் நின்றான். அவன் ஜெயபுரத்தில் மகள் வீட்டில் நின்றவன், கேள்விப்பட்டுச் சைக்கிளில் அவ்வளவு தூரமும் உழக்கி வந்திருக்கிறான். வந்ததிலிருந்து தடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் முகமெல்லாம் கண்ணீர். உள்ளே வந்து இரு என்று கதிரையை இழுத்துப் போட்டேன். நாற்பது வருடமாக எங்கள் வளவில் வேலை செய்கிறவன், அன்றைக்குத்தான் முதன்முதல் அந்தக் கதிரையில் இருந்தான். அதுவும் நுனியில். அவனை இவ்வளவு காலமும் வாசலோடு நிறுத்தி வைத்த மனுசன் நான்தானே.

அவனுடைய மீனம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த நாலு வருடம் உமக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுப் பெண்சாதிக்காரன் என்று நான் அவனைப் பகிடி பண்ணுவேன், நீர் என்னை ஏசுவீர். அந்த நாலு வருடமும் எப்படி மூக்கன் இருந்தாய் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"போன்ல நல்லா இருக்கேன்னுதாங்க ஐயா சொன்னேன். நெருப்புக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் அதைத்தான் சொன்னேன். அவளும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னா. வந்தப்பறம் பாத்தா கையெல்லாம் சூட்டுத் தழும்பு. ரெண்டு பேரும் பொய் சொல்லியே நாலு வருசத்த ஓட்டிட்டோங்க."

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் போக, அவன் அந்த நாலு வருடமும் காலையில் வந்து பின்னேரம் வரைக்கும் என் கண்ணுக்கு முன்னால்தான் நின்றான். பசுவுக்குக் காய்ச்சல் என்றால் கேட்கத் தெரிந்த எனக்கு அவனைக் கேட்கத் தெரியவில்லை. எனக்கு வந்த பிறகுதான் அவனுடைய நோ எனக்கு விளங்கியது. இது பெரிய வெட்கம், இதை உமக்கு மட்டும்தான் எழுத முடியும்.

ஆகவே நான் உண்மையைச் சொல்கிறேன். நான் நல்லாய் இல்லை. பிட்டு அவிக்கப் பழகிவிட்டேன் என்று சொன்னது பொய், கடைப் பாணும் சம்பலும்தான் சாப்பாடு. ஆவணி மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன், போன் பழுது என்று உங்களுக்குச் சொன்னேன். பின்னேரங்களில் கதைக்க ஆளில்லாமல் பசுவோடு கதைக்கிறேன், கன்று போட்ட பிறகு அதுவும் என்னைக் கவனிப்பதில்லை. செல்லடிக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் ஊர் ஊராகத் திரிந்த காலத்தில்கூட நாங்கள் ஒரு நாள் பிரிந்திருக்கவில்லை. எல்லாம் அடங்கி, ஓட்டுவீடும் கிணறும் கிடைத்த பிறகு இப்படிப் பிரிந்து இருக்கிறோமே, இது என்ன கணக்கு?

பேரனை விட்டுவரும் என்று கேட்பது பாவம் என்று தெரியும். சுரேகா வேலைக்குப் போகிறா, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அந்தப் பிள்ளை உம்முடைய மடியிலேயே வளர்ந்தது. மகனில் எனக்குக் கோபம் இல்லை. அவன் என்னைக் கேட்டுத்தான் செய்கிறான், பொய் சொன்னவன் நான். ஆனால் உம்மை யாராவது கேட்டார்களா, பாக்கியம்? நீர் நல்லாய் இருக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் இப்போது எனக்கு மீனம்மாவின் கைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே உமக்கு எப்படி என்று உள்ளதை உள்ளபடி எழுதும். பிரதீபன் மூலம் சொல்லிவிட்டாலும் சரி.

உமக்கு அங்கே இருக்கத்தான் விருப்பம் என்றால் இரும், நான் மயில் கலைத்துக்கொண்டு இருந்துவிடுவேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து வைக்கமுன், அப்பா ஓம் சொன்னவர்தானே என்று மகன் கேட்டால், அந்த ஓம் பொய்யாம் என்று சொல்லும்.

மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். பேரனுக்கு ஒரு கொஞ்சல். உமக்கும் ஆசீர்வாதம் என்று எழுதத்தான் பேனையைத் தாளில் வைத்தேன், வாரும் என்றுதான் வருகிறது.

இப்படிக்கு,
உம்முடைய
இளையதம்பி