ஆளுக்கொரு முகவரி

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் வங்கி அதிகாரி. அங்கே எத்தனை பேரை ஆட்டிவைக்கிறாரோ தெரியாது, கிளட்ச் மட்டும் அவர் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. ஒரே சிக்னலில் நான்கு முறை வண்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் திட்டியது முழுக்க என்னைத்தான், ஓட்டியவரை இல்லை. டிரைவிங் ஸ்கூலில் எனக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம். ஜனவரியிலிருந்து அரசு மருத்துவமனையில் எதுவும் இலவசம் கிடையாதாம். ஆளாளுக்கு ஒரு கம்பெனியில் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் அரசாங்கமே பணம் கட்டும். ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று ஆரம்பித்திருக்கிறார்கள். யாருக்கு மகிழ்ச்சி?

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு மெதுவாக மடித்து வைத்தார். முடக்குவாதம் வந்ததிலிருந்து கடிதத்தை மடிப்பதுகூட இவருக்கு ஒரு வேலை. பல்செட் செய்யும் லேபில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். இவர் செய்த பல்லால் சிரிக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேரோ. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அது இருக்கிற தைரியத்தில்தான் டம்ளரைப் பிடிக்கிறார், நடக்கிறார். ஊசி இல்லாத ஒரு மாதத்தை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று கம்பெனிகளின் புத்தகங்களையும் மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துவிட்டோம்: குடைக் கம்பெனி, சிங்கக் கம்பெனி, சிரிக்கிற குடும்பம். சிரிக்கிற குடும்பத்தில் யாருக்கும் ஒரு வியாதியும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க, நான் தாளில் கோடு போட்டு எழுதினேன். ஒரு பக்கம் எனக்கு மட்டும், இன்னொரு பக்கம் இவரையும் சேர்த்து. எனக்கு மட்டும் என்றால் மூன்றிலுமே சமாளிக்கலாம். இவரையும் சேர்த்தால் யானை விலை.

“பரவால்லயே, நான் ரொம்ப காஸ்ட்லியான ஆளுதான் போல” என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி, வாசிங்க என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சாயங்காலம் முழுக்க போன். அரைமணி நேரம் பாட்டு, அப்புறம் ஒரு பெண், மறுபடி பாட்டு. குடைக் கம்பெனி முடக்குவாதத்தை ஏற்றுக்கொள்ளும், ஊசியை ஏற்றுக்கொள்ளாது. அதென்ன, ஆளை விட்டுவிட்டு நிழலுக்கு வைத்தியமா? சிங்கம் ஊசியையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சிரிக்கிற குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு என் சம்பளத்தில் பாதிக்கு மேல் கேட்கிறது. மிச்சத்தில் வீட்டு வாடகை கொடுக்கலாம், சாப்பிட முடியாது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சிரிக்கிற குடும்பத்துப் பெண், “சாரை எடுத்துட்டுப் பாத்தா ரொம்பக் கம்மியா வரும் மேடம்” என்றாள். குரலில் அவ்வளவு அக்கறை. இவர் எழுந்து பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

சுகாதார அலுவலகம். டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத மின்விசிறி. கவுன்டரில் இருந்த அம்மா எங்கள் விவரங்களைக் கணினியில் தட்டிப் பார்த்தார். குடும்ப வருமானம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறதாம். கொஞ்சம்தான். நான் வேலையை விட்டால் கோட்டுக்குக் கீழே போய்விடுவோம், அப்படியே பூமிக்கும் கீழே.

எழுந்து போகப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. புருஷன் பெண்டாட்டின்னா உங்க சம்பளத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க. அவர் தனி ஆளா இருந்தா எல்லாமே இலவசம். ஆனா சும்மா வாயால சொன்னாப் பத்தாது. கோர்ட்டுல பிரிஞ்சிருக்கணும். முகவரியும் வேற வேற இருக்கணும்.”

இதுவரை இதைச் சொல்லி அனுப்பியது எத்தனை பேரையோ. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நன்றி என்றேன். எதுக்கு நன்றி சொன்னேன்?

அக்டோபர் 5, ஞாயிறு

வேடிக்கை மாதிரிதான் இவரிடம் சொன்னேன். ஒரு அலுவலகத்தில் இப்படியெல்லாம் யோசனை சொல்கிறார்கள் பாருங்கள் என்று. இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார்.

மகளிடம் போனில் சொன்னேன். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா என்று கத்தினாள். கத்தி ஓய்ந்ததும், மாதாமாதம் தன்னால் எவ்வளவு அனுப்ப முடியும் என்று சொன்னாள். அவளுக்கே இரண்டு குழந்தைகள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் சம்பளத்தைக் குறைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். சேமிப்பை உடைத்தால் ஒன்றரை வருடம் ஓடும். அப்புறம்? வேறு வழி இருந்தால் யாராவது சொல்லித் தொலையுங்களேன்.

நவம்பர் 19, புதன்

விவாகரத்து முடிந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மனம் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், கதை வேண்டாம் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். நீதிபதி இளம்பெண், என் மகள் வயது இருக்கும். சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா என்று கேட்டாள். நான் வக்கீலைப் பார்த்தேன். இவர்தான் பளிச்சென்று, இல்லை என்றார். நன்றாக நடித்தார்.

திரும்பும்போது ஒரே பஸ். இவர் முன்னால் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்தார். ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். இது வெறும் காகிதம், வெறும் காகிதம் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், குழாயைத் திறந்தால் முதலில் இருமல், அப்புறம் தண்ணீர். வாடகை கம்மி. கீழே நாள் முழுக்க மிஷின் ஓடுகிறது, தரை அதிர்கிறது. ஊசி வைக்க மட்டும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம்.

நான் போர்வையை மடித்து வைத்தேன், விளக்கை மாற்றிப் பார்த்தேன், ஜன்னலைத் துடைத்தேன். துடைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் துடைத்தேன். போதும்மா, கிளம்பு என்றார். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

வீட்டில் மூன்று சப்பாத்தி அதிகமாகச் சுட்டுவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

அட்டை வந்துவிட்டது. ஊசி கிடைத்துவிட்டது. ஒரு பைசா கட்டவில்லை. அப்பாடா.

சோதனைக்கு ஒரு ஆள் வந்தாராம். அலமாரியைத் திறந்து பார்த்தாராம். பல் துலக்கும் பிரஷ் எத்தனை, பெண் செருப்பு ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம். ஒரு பிரஷ்தான் இருந்தது. அந்த ஆள் திருப்தியாகப் போனார் என்று இவர் போனில் சொன்னார். இருவரும் சிரித்தோம், கொஞ்ச நேரம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஞாயிறு தோறும் போகிறேன், கைப்பையோடு மட்டும். எதையும் அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது.

இன்று நான் போகும்போது இவர் சமைத்து வைத்திருந்தார். காய்கறி பெரிது பெரிதாக வெட்டியிருந்தது. வீட்டில் இவரைக் கத்தியைத் தொடவே விட்டதில்லை நான். மேல் பொத்தான் போடாமல் இருந்தது. பழக்கத்தில் போடப் போனேன். ஒரு அடி பின்னால் நகர்ந்து, “நானே போட்டுக்கறேன்” என்றார். அவராகவே போட்டார். ரொம்ப நேரம் ஆனது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சந்தோஷப்படத்தானே வேண்டும்? ஏன் வயிற்றெரிச்சலாக இருக்கிறது?

ஏப்ரல் 22, புதன்

இன்று வீட்டில் என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை: ‘சனியனே’. குக்கரைப் பார்த்து.

ஜூலை 5, ஞாயிறு

தெருவில் திரும்பும்போதே சிரிப்புச் சத்தம். இவர் கீழே சலவைக் கடையில் உட்கார்ந்து கடைக்காரரோடு சட்டை மடித்துக்கொண்டிருக்கிறார். கூலி வாங்கினால் அட்டை போய்விடும், அதனால் சும்மா உதவி. கடைக்காரரின் பல்செட் ஆடுகிறதாம், அதை இழைத்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். இந்தக் கையால். அந்த மனிதர் வாயைத் திறந்து எனக்குக் காட்டினார்.

என்னைப் பார்த்ததும் இவர் சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் எழுந்துவிட்டார். வந்து நிற்கிற பஸ்ஸைப் பார்த்து எழுகிற மாதிரி.

அடுத்த ஞாயிறு வர வேண்டாம், சோதனை இருக்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த அரசாங்க ஆள் வேலை செய்கிறான்? சரி என்றேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

ஆட்சி மாறி மூன்று மாதம் ஆகிறது, இன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு நல்லது நடந்தது. வங்கி அதிகாரிதான் செய்தியைச் சொன்னார். உரிமம் இன்னும் கிடைக்கவில்லை அவருக்கு, மூன்றாவது தடவையாக என்னிடம் வருகிறார். ஜனவரியிலிருந்து குடும்பக் கணக்கு கிடையாதாம். அவரவர் வருமானம் அவரவருக்கு. வருமானம் இல்லாதவர் யாரோடு இருந்தாலும் இலவசம்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். சாலை ஓரத்தில், சீட் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி அழுதேன். பாவம், தான் ஏதோ தப்பாக ஓட்டிவிட்டதாக நினைத்து அவர் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார்.

போனில் சொல்ல மனம் இல்லை. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். கட்டில் விரிப்பை மாற்றினேன். இவர் பக்கத்துத் தலையணையை வெயிலில் போட்டேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி மாற்றி நினைத்துக்கொள்வேன்.

செய்தி இவருக்கு முன்பே தெரிந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தார். ஜனவரியில் வந்துவிடுங்கள், கல்யாணத்தை மறுபடி பதிவு செய்வது பெரிய விஷயமே இல்லை, வக்கீல்கூட வேண்டாம் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் சட்டம் மறுபடி மாறும் என்றார். மாறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“அப்ப மறுபடி உக்காந்து கணக்குப் போடணும். நான் இருந்தா எவ்வளவு, இல்லாட்டி எவ்வளவுன்னு. நான்தானே உனக்கு வாசிச்சுச் சொன்னேன். இன்னொரு தடவை என்னால வாசிக்க முடியாதும்மா.”

உங்களைக் காப்பாத்தத்தானே கணக்குப் போட்டேன் என்றேன்.

“தெரியும். அதனாலதான் உன்கிட்ட கோபப்படக்கூட முடியல.” அப்புறம், “அந்த வீட்டுல நான் ஒரு செலவு. இங்க நான் ஒரு ஆளு. இப்படியே இருந்துட்டுப் போறேன்.”

நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். கத்தியிருக்கலாம். முப்பது வருடமாக எதற்கெல்லாமோ கத்தியிருக்கிறேன். இன்று கத்தவில்லை. ஏனென்றால் போன வருடம் அந்த மேஜையில் இவர் ஒவ்வொரு தொகையையும் வாசித்தபோது நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தேன். கோடு நேராக வர வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

நானும் டீயைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, திங்கள்

விடுப்பு.

அக்டோபர் 31, சனி

அடுத்த வருடத்துக்குக் காப்பீடு எடுக்க இன்றுதான் கடைசி நாள். மூன்று கம்பெனிக் காகிதங்களையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒருத்திக்கு ஒப்பிட என்ன இருக்கிறது? எது வந்தாலும் சரி.

பதினொரு மணிக்கு வாசலில் மணி அடித்தது. தபால்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தால் இவர். குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளிக் கோட்டு இங்கேயே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். முடி வெட்டியிருந்தார்.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, மேஜையில் இருந்த காகிதங்கள் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன். திரும்பி வந்தால் இவர் அதே இடத்தில், மிதியடிக்கு வெளியே, நின்றுகொண்டிருந்தார். இந்த வீட்டுச் சாவி இவர் பையில்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்டதும் இல்லை, இவர் கொடுத்ததும் இல்லை. இருந்தும் மணி அடித்திருக்கிறார், உள்ளே வரச் சொல்லட்டும் என்று நிற்கிறார்.

உள்ள வாங்க என்றேன்.