மேகத்துக்குள் இறங்குகிறவன்

கோரோகா,
செவ்வாய்க்கிழமை.

மோண்டோவுக்கு அப்பா எழுதுவது. பிரிஸ்பேனில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், அதைக் கேட்டு எழுத வேண்டியதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாதான் ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை, சர்க்கரைவள்ளியை அவித்துத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அதற்குக் காரணம் நீ, அதனால்தான் இந்தக் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு அம்மாவின் ஊரான யாமுருவுக்கு வந்தாயே, பன்றியைக் குழியில் வேகவைத்துக்கொண்டிருந்த இடத்தில் தோளில் பட்டை வைத்த பைலட் சட்டையோடு உட்கார்ந்தாயாம். லீவில் எவனாவது யூனிபாரம் போடுவானா. மேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கவுன்சிலர் வாய்னே கேட்டதற்கு, "எங்க பிளேனுக்கு மேகமெல்லாம் ஒரு விஷயமே இல்ல மாமா, கண்ண மூடிக்கிட்டே இறக்கிருவேன்" என்றாயாம். நான் அப்போது என் விமானத்தில் ஆட்களையும் மூட்டைகளையும் எடை போட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன், என் காதில் விழவில்லை. நீ சொன்னது பொய்யில்லை. உனக்குத் தரையிலிருந்து கருவி வழி காட்டும், கண்ணுக்கு எட்டாத நீளத்துக்கு ஓடுதளம், சரியாக வரவில்லை என்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சுற்று வருவாய். யாமுருவில் என்ன இருக்கிறது, சரிவில் ஒரு புல்தரை, அதன் முடிவில் மலை. மேட்டைப் பார்த்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். கடைசித் திருப்பத்தைத் தாண்டிவிட்டால் என் ஒற்றை எஞ்சினுக்கு மறுபடி மேலே ஏறத் தெம்பு கிடையாது, நடுவில் பன்றி படுத்திருந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். இதையும் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் பெருமை குறைந்துபோகும்.

போன வாரம் யாமுருவில் உன் சித்தி டோர்கஸ் வலி எடுத்துக் குழந்தை வராமல் கிடந்தாள், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர என்னைக் கூப்பிட்டார்கள். உன்னைச் சின்ன வயதில் முதுகுப் பையில் சுமந்து திரிந்தவள். அந்த ஊர் ரேடியோக்காரனிடம் மேகம் இருக்கிறதா என்று கேட்டால் "ஒன்னும் இல்ல, வாங்க" என்றுதான் எப்போதும் சொல்வான், இருக்கிறது என்றால் விமானம் வராது என்று அவனுக்குத் தெரியும். அதனால் நான் மேகத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை, எதிர்மலை சர்ச் கூரை தெரிகிறதா என்று கேட்பேன். அதில் அவன் அதுவரை பொய் சொன்னதில்லை. அன்றைக்கு அதற்கும் தெரியுது என்றான். போய்ப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. திரும்பி வருவதற்கு மட்டும் எண்ணெய் மிஞ்சும்வரை மேலேயே சுற்றினேன், ஒரு இடத்திலும் தரை தெரியவில்லை, திரும்பிவிட்டேன். ரோடு வரைக்கும் அவளைக் கட்டிலில் சுமந்து போனார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், குழந்தை வழியிலேயே போய்விட்டது.

கவுன்சிலர் ரேடியோவில் எல்லா ஊரும் கேட்க, "ஒம் மவனா இருந்தா எறக்கியிருப்பான், நீ கெழவனாயிட்ட, பயந்துட்ட" என்றார். உன் அம்மாவும் "மோண்டோ வந்திருப்பான்" என்றாள், அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். இப்போது எங்கள் கம்பெனியின் இன்னொரு பைலட் லோவாவையும் இதையே சொல்லிக் குத்துகிறார்கள், அவனும் "அடுத்த தடவ நான் போய்ப் பாக்குறேன்" என்கிறான். அவன் மலையில் மோதினால் உன் வாய்தான் அவனைக் கொன்றது என்று நான் எல்லோரிடமும் சொல்லுவேன், மகன் என்று பார்க்க மாட்டேன்.

பணமோ சாமானோ அனுப்பிச் சரிக்கட்டப் பார்க்காதே. காலையில் எல்லா ஊர் ரேடியோவும் திறந்திருக்கிற நேரத்துக்கு எங்கள் ஆபீசுக்குப் போன் செய், நான் அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். உன் அம்மா பாஷையில் "என்னாலயும் எறக்கியிருக்க முடியாது" என்று சொல், அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னையும் உன்னை நம்பி ஏறுகிறவர்களையும் பத்திரமாகத் தரை சேர்க்கட்டும், இவ்வளவு கோபத்திலும் அந்த ஜெபத்தை நான் விடவில்லை.

போன் செய்ய மறந்துவிடாதே. புதைப்பதற்கு முன்னால் டோர்கஸ் அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தாள். நீ இருந்திருந்தால் வந்திருப்பாயாம், அதனால் மோண்டோ என்று வைத்திருக்கிறாள். நீ பேசும்போது அவளும் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கௌபா.