பிரிக்காத அமெரிக்கக் கடிதம்

பேர்லின்

அன்புத் தங்கை ஜெசிந்தாவுக்கு,

எனக்கு ஓர் அமெரிக்கர் கடிதம் எழுதுகிறார் என்று அங்கே கதைக்கிறார்களாம். அது பிழை. முன்பு இந்நகரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் பழைய கடிதங்களைச் சந்தையில் தேடிச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். உன் முழங்கால் நோ குறைந்ததா? நான் நலம்.

சென்ற சனிக்கிழமை வாங்கிய கடிதக் கட்டுக்குள் ஒரு கடிதம் ஒட்டியபடியே இருக்கிறது. உறையில் அனுப்பியவர் இடத்தில் 'அம்மா' என்றிருக்கிறது; தாய் ஒருத்தி மகனுக்கு எழுதியது. அவன் பிரிக்கவே இல்லை.

"உடையுங்கோ அம்மா, ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்கிறாள் மகள் துஷானி. மருமகனோ, "மாமி, அமெரிக்கா என்ன சொல்லுது?" என்று சிரிக்கிறார்.

கொன்வென்ட் விடுதியில் அம்மாவின் கடிதங்களைச் சிஸ்டர் பிரித்து வாசித்த பிறகுதானே எங்களிடம் தருவார்? நீ எவ்வளவு அழுதாய்! அதை நினைத்தால் எனக்குக் கை வரவில்லை. ஆனால், ஒரு தாய் எழுதியதை ஒருவருமே வாசிக்காமல் விடுவதும் சரியாகப் படவில்லை. மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் குழம்புகிறேன்.

பிரிக்கலாமா என்று நீ சொல். தொலைபேசியில் வேண்டாம்; இங்கே எல்லோரும் கேட்பார்கள். அங்கிருந்து யாராவது வந்தால், உனக்கு எழுதக் கோடு போட்ட நல்ல தாள் கொடுத்தனுப்பு. என் தபாற்பெட்டிக்கு விளம்பரங்கள் மட்டுமே வருகின்றன.

கடிதமாகவே பதில் எழுது.

உன் அக்கா,
பிலோமினா